சிறுவர் கதைக்குத் தோட்டத்தின் உண்மைப் பெயரை வைக்கலாமா?

கேள்வி (லயத்துப் பெண்):
மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வளர்ந்தவள் நான். ஊர்ப்பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது. தமிழ்ப்பள்ளியின் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக நான் எழுதத் தொடங்கியுள்ள சிறு நாவலில் பெரட்டுக் களம் (காலையில் ஆள்கணக்கெடுக்கும் இடம்), ஆயாக் கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), முனியாண்டி கோயில் எல்லாம் வருகின்றன. தோட்டத்தின் உண்மைப் பெயரையே வைப்பதா, வேறு பெயர் சூட்டுவதா? உண்மைப் பெயரை வைத்தால், கங்காணியின் (தொழிலாளர்களை மேற்பார்த்தவரின்) பேரப்பிள்ளைகள் "இது எங்கள் தாத்தாதானே" என்று வந்து நிற்பார்களோ என்று அச்சமாக இருக்கிறது.

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரி, தம் கதைப் பிள்ளைகளைப் போர்ட்லாந்து நகரின் கிளிக்கிட்டாட் தெருவில் குடிவைத்தார். அது உண்மையான தெரு. அவர் சிறுமியாக வாழ்ந்த வீடோ சில தெருக்கள் தள்ளி இருந்தது. பின்னல் ஊசிகளின் ஓசை அந்தப் பெயரில் கேட்டதால் அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. (நம் பிள்ளைகளின் காதில் கிளிதான் கேட்கும்!) ஊராரும் மனங்கோணவில்லை, அருகிலுள்ள கிராண்ட் பூங்காவில் அக்கதைமாந்தருக்கு 1995இல் சிலையே வைத்துவிட்டார்கள். 'பெர்ஜுந்தை' என்றால் மலாயில் தொங்குவது என்று பொருள். அப்படியொரு பெயரைக் கைவிடாதீர்கள், அம்மா.

மறுமொழி (செம்பனைக்காரன்):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கரடிப் பொம்மைக் கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்ன், 1925இல் இங்கிலாந்தின் ஆஷ்டவுன் காட்டோரம் ஒரு பண்ணைவீட்டை வாங்கினார். அங்கிருந்த ஐந்நூறு ஏக்கர் காடு, கதையில் நூறு ஏக்கராகச் சுருங்கியது. உங்கள் தோட்டத்தையும் அக்கா, ஒன்பது வயதுப் பிள்ளை மாலைக்குள் நடந்து திரும்பும் அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். துரை பங்களா மட்டும் எட்டாத தூரத்திலேயே இருக்கட்டும்.

மறுமொழி (பால்வாளி):
பெயரைப் பற்றி இவ்வளவு கவலை தேவையில்லை என்பது என் கருத்து. ரப்பர் பாலைக் குடிக்கலாமா என்று என் பேத்தி கேட்கிறாள். அவளுக்குத் தோட்டத்தின் பெயர் எதுவானால் என்ன? உச்சி வெயிலில் ரப்பர் காய் பட்டென்று வெடித்து, விதை தகரக் கூரையில் விழுந்து உருண்டோடும் சத்தத்தையும், அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஆறுவதற்குள் பக்கத்திலிருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடியதையும் எழுதுங்கள். அவற்றைக் கற்பனையாக எழுத முடியாது.

லயத்துப் பெண்:
மூவருக்கும் நன்றி. ஊருக்குப் பழைய பெயரே இருக்கும். தோட்டத்துக்கு மட்டும் புதுப்பெயர் சூட்டப்போகிறேன். கங்காணியை வேறு லயத்துக்கு மாற்றி, மீசையையும் எடுத்துவிட்டேன். நேற்றிரவு என் அக்காவும் நானும் நினைவிலிருந்து வரைபடம் போட்டுப் பார்த்தோம். தண்ணீர்க் குழாய் கோயிலுக்கு இடப்பக்கம் இருந்தது என்று அவர் சாதிக்கிறார். வலப்பக்கம் என்கிறேன் நான். கதையில் வலப்பக்கம்தான்.