ஜிம்ப்ல ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்ணா எழுத்துல புள்ளி கலங்குது, பிஎன்ஜின்னா சைஸ் ஏறுது

நோட்டீஸ்தம்பி:
எங்க ஊர் கோயில் கொடைக்கு நோட்டீஸ் ஜிம்ப்ல (படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர்) பண்ணிருக்கேன், மஞ்சள் பேக்ரவுண்ட்ல சிவப்பு எழுத்து, மேல கோபுரம் போட்டோ. பிஎன்ஜில போட்டா 7 எம்பி வருது, ஜேபெக் குவாலிட்டி 60ல வச்சா சைஸ் நல்லா குறையுது ஆனா சின்ன எழுத்தைச் சுத்தி அழுக்கு மாதிரி வருது, புள்ளி வச்ச எழுத்தெல்லாம் புள்ளி இல்லாத மாதிரி தெரியுது. உபயதாரர் பேரு தப்பா தெரிஞ்சா ஊர்ல பெரிய மனத்தாங்கல் ஆயிடும். ஒவ்வொரு தடவையும் எக்ஸ்போர்ட் பண்ணித்தான் சைஸ் பாக்கணுமா, முன்னாடியே பாக்க வழி இருக்கா?

கலர்பெட்டி:
பிஎன்ஜியே வச்சுக்கோங்க, எக்ஸ்போர்ட் பண்றப்ப கம்ப்ரஷன் லெவல குறைச்சா போதும், 9ல வச்சா குவாலிட்டி போயிரும்.

டிடிபி அக்கா:
இல்லப்பா அது அப்படி இல்ல, பிஎன்ஜில 0 வச்சாலும் 9 வச்சாலும் ஒரு பிக்சல் கூட மாறாது, 9னா ஃபைல் சின்னதாகும், சேவ் ஆக கொஞ்சம் நேரம் கூட எடுக்கும் அவ்ளோதான். 7 எம்பிக்கு காரணம் அந்த கோபுரம் போட்டோ.

தம்பி, ஜேபெக் எக்ஸ்போர்ட் விண்டோல 'ஷோ ப்ரிவ்யூ இன் இமேஜ் விண்டோ'ன்னு ஒரு டிக் இருக்கும், அத போட்டா ஃபைல் சைஸ் அங்கயே வரும், குவாலிட்டி ஸ்லைடர நகத்த நகத்த மாறும், பின்னாடி படத்துலயும் எப்படி வரும்னு தெரியும். அதுக்கு முன்னாடியே 1ஐ அமுக்கி படத்த 100% ஜூம்ல வச்சிருங்க, சுருக்கி வச்சுப் பாத்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும்.

அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல சப்சாம்ப்ளிங் 4:4:4ல இருக்கான்னு பாருங்க, அதுல ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியா கலர் தகவல் இருக்கும். 4:2:0ன்னா நாலு பிக்சலுக்கு சேத்து ஒரே கலர் தகவல்தான் வைக்கும், போட்டோல அது கண்ணுக்கே தெரியாது, ஆனா மஞ்சள் மேல சிவப்புல ஒரு குட்டி புள்ளி வச்சா அதோட ஓரம் கலங்கிடும். நம்ம எழுத்துக்கு புள்ளிதானே உயிர், அதுல மட்டும் சைஸ மிச்சம் பிடிக்காதீங்க.

முதல்ல ஸ்கேல் இமேஜ்ல அகலத்த குறைங்க, போன்ல பாக்க 1400 பிக்சல் தாராளம். ஆனா ப்ரெஸ்ஸுக்கு குடுக்க எக்ஸ்சிஎஃப் (ஜிம்ப்போட சொந்த ஃபைல்) ஒரிஜினல தொடாம தனியா வைங்க, ஜேபெக்க திரும்ப திறந்து எடிட் பண்ணி சேவ் பண்ணா ஒவ்வொரு தடவையும் இன்னும் கெடும்.

வடிவேல்73:
போட்டோ இல்லாத நோட்டீஸ்னா இமேஜ், மோட், இன்டெக்ஸ்டு போயி 32 கலர் வச்சு பிஎன்ஜி எடுங்க, ரொம்ப சின்னதா வரும், எழுத்தும் கத்தி மாதிரி இருக்கும். வாட்ஸ்அப்ல அனுப்பும்போது டாக்குமெண்ட்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா அது தன் பங்குக்கு இன்னொரு தடவ கம்ப்ரஸ் பண்ணிடும்.

நோட்டீஸ்தம்பி:
அக்கா சொன்ன இடத்துலதான் இருந்துச்சு, 4:2:0ல கிடந்திருக்கு. 1400 அகலம், குவாலிட்டி 88, 4:4:4, ப்ரிவ்யூல 420 கேபி காட்டுச்சு, எக்ஸ்போர்ட் பண்ணாலும் அதேதான். கடைசி வரி உபயதாரர் பேரு வரைக்கும் புள்ளி எல்லாம் தெரியுது. ரொம்ப நன்றிக்கா, வடிவேல் அண்ணனுக்கும். வரி ரசீது போட்டோ இல்லாமத்தான், அத இன்டெக்ஸ்டுல பண்ணிப் பாக்குறேன்.