ஜிம்னிக்கு 80,000 ரூபாய் பட்ஜெட்: முதலில் எதை மாற்றுவது?

கேஆர்புரம் வாசி
வணக்கம் மக்களே. போன தீபாவளிக்கு மாருதி ஜிம்னி ஜீப், மேனுவல் கியர் வண்டி எடுத்தேன். 9,000 கிமீ ஓடியிருக்கிறது, அதில் பாதி பெங்களூரு தொங்கு பாலத்தடி டிராஃபிக்கில் ஊர்ந்ததுதான். இரண்டு வாரம் முன்பு சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து மண்பாதையில், மழை விட்ட மறுநாள், மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. டிராக்டர்காரர் ஒருவர் வந்து இழுத்துவிட்டார், காசு கூட வாங்கவில்லை. ஆனால் வீட்டுக்காரி இன்னும் "இதுக்குத்தான் நாலு சக்கரமும் சுத்துற வண்டி வாங்கினீங்களா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தால் 2 இஞ்ச் லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் செட்), இரும்பு பம்பர், ஸ்நார்கெல் (எஞ்சினுக்குக் காற்றை உயரத்தில் இருந்து இழுக்கும் குழாய்), கூரையில் லைட் பார் எல்லாம் ஒரே பேக்கேஜாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். கையில் இருப்பது 80,000. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பழைய ஜிப்ஸி
தம்பி, கடைக்காரர் சொன்னது இருக்கட்டும். வண்டி எதனால் நின்றது? அடிவயிறு தட்டி நின்றதா, சக்கரம் வெறுமனே சுற்றி நின்றதா? டயரில் காற்று எவ்வளவு இருந்தது? 4எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியர்) போட்டீர்களா?

கேஆர்புரம் வாசி
4எல் போட்டேன் அண்ணா. அடி எங்கேயும் தட்டவில்லை. டயர் பள்ளங்களில் எல்லாம் செம்மண் அப்பிக்கொண்டு மொட்டை டயர் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. காற்று பெட்ரோல் பங்கில் அடித்தது அப்படியே இருந்தது.

பழைய ஜிப்ஸி
அப்போது விடை கிடைத்துவிட்டது. டயர்தான். கம்பெனியில் வருவது தார் ரோட்டுக்கான எச்.டி டயர், சேற்றைக் கக்கிவிடும் அளவுக்கு அதன் கட்டைகளுக்கு நடுவே இடம் கிடையாது. ஏ.டி டயர் (தார், மண் இரண்டுக்குமானது) போடுங்கள். எம்.டி (சேற்றுக்கான டயர்) வேண்டாம், நீங்கள் பெரும்பாலும் சிட்டியில் ஓட்டுகிறவர், ஹைவேயில் அது போடும் ஊளையை ஒரு வாரம் தாங்கமாட்டீர்கள். அளவு 215/75 ஆர்15 போதும். இப்போதிருக்கும் 195/80 விட்டம் 693 மிமீ, இது 703 சொச்சம், ஸ்பீடோமீட்டர் அவ்வளவாக மாறாது. சிலர் 235/75 போடுகிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விட்டம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடிவிடும், அந்த 1.5 லிட்டர் எஞ்சின் ஏற்கெனவே மேட்டில் மூச்சு வாங்குகிறது.

அப்புறம் ஒரு விஷயம், ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு. லிஃப்ட் போட்டால் உடம்புதான் தூக்கும், ஆக்ஸில் நடுவில் இருக்கிற டிஃபரென்ஷியல் குண்டு (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும்தான்.

டயருக்கு முன்னாலேயே வாங்க வேண்டியது ஒரு காற்று அளவுமானி, ஒரு 12 வோல்ட் கம்ப்ரெஸர். சேறு, மணல் வந்தால் இறங்கி 18 பிஎஸ்ஐக்குக் குறையுங்கள், டயர் பரந்து பிடிக்கும். தார் ரோடு ஏறியதும் திரும்ப அடித்துவிட வேண்டும், மறந்து 80இல் போனால் டயர் சூடாகிக் கிழியும். அன்றைக்கு இதைச் செய்திருந்தால் அந்த டிராக்டர்காரருக்கு வேலையே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஓசூர்க்காரன்
ஜிப்ஸி அண்ணன் சொன்னதோடு கயிற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பட்ட அனுபவம். கோலார் பக்கம் ஒரு ஏரிக்கரையில் நண்பன் வண்டி புதைந்தது, கடையில் வாங்கிய சாதாரண டோ கயிற்றை, இரும்புக் கொக்கி வைத்தது, அவன் பம்பருக்கு உள்ளே தெரிந்த ஒரு தகட்டில் மாட்டி வெடுக்கென்று இழுத்தேன். தகடு பிய்ந்து கொக்கியோடு பறந்து வந்து என் பின்கதவு ஸ்டெப்னியில் அடித்தது. ரிம்மில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஸ்டெப்னி அங்கே இல்லையென்றால் கண்ணாடி, அதற்கு உள்ளே என் மகன்.

கைனடிக் கயிறு (இழுபடும்போது நீளும் கயிறு) ஒன்று, 4.75 டன் ஷேக்கிள் (கயிற்றை மாட்டும் வளையம்) இரண்டு, கயிற்றின் மேல் போட ஒரு கனமான போர்வை. உங்கள் வண்டியில் எது இழுக்கிற கொக்கி, எது லாரியில் ஏற்றிக் கட்டுகிற வளையம் என்று மேனுவலைத் திறந்து பார்த்துவிடுங்கள். இழுக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, வீடியோ எடுக்கிறவர்கள் உட்பட.

இந்திராநகர் 4எக்ஸ்4
நான் லிஃப்ட் கட்சி. ஐந்து கதவு ஜிம்னிக்கு வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2,590 மிமீ, மூன்று கதவு வண்டியை விட 340 மிமீ நீளம், அதனால் கூரான மேட்டில் வயிறுதான் முதலில் தட்டுகிறது. பாறைத் தடங்களுக்குப் போகிறவனுக்கு லிஃப்ட் வீண் செலவு இல்லை. ஆனால் வெறும் ஸ்பிரிங் மாற்றிவிட்டு நிறுத்தினால் பன்ஹார்ட் ராடு (ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி) ஆக்ஸிலை ஒரு பக்கம் தள்ளும், காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) கெட்டு ஸ்டியரிங் மிதக்கும், அதையும் சரிசெய்யக் காசு வேண்டும். உங்கள் பட்ஜெட்டில், உங்கள் பிரச்சினைக்கு, இப்போது வேண்டாம்.

இரும்பு பம்பர் வேண்டவே வேண்டாம். முன்னால் இப்படி இரும்பு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. போலீஸை விடுங்கள், ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கு அந்த முன்பக்கம் எப்படி நசுங்கும் என்பதை வைத்துத்தானே போட்டிருக்கிறார்கள். ஸ்நார்கெல், நீங்கள் ஆறு தாண்டப் போகிறீர்களா? பெள்ளந்தூர் மழைநீருக்கு என்றால் வீட்டிலேயே இருங்கள்.

கேஆர்புரம் வாசி
சரி, புரிந்தது. 215 ஏ.டி, கம்ப்ரெஸர், கயிறு செட். டயர் நாலு போதுமா, ஸ்டெப்னியும் மாற்ற வேண்டுமா?

பழைய ஜிப்ஸி
ஐந்தும் ஒரே அளவு. 4எச் (நாலு சக்கரமும் வேகமாகச் சுற்றுவது), 4எல் போட்டு ஓட்டும்போது ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தி அனுப்பும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும், இந்த வண்டியில் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. 10,000 கிமீக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்த்து மாற்றிக்கொண்டே வாருங்கள். மிச்சக் காசில் வீட்டம்மாவை அந்தத் தோட்டத்துக்கே திரும்பக் கூட்டிப் போங்கள். டிராக்டர்காரருக்கு ஒரு கிலோ மைசூர்பாகு.