எந்த சாஃப்ட்வேரில் ஆரம்பிப்பது? – எங்கள் குடும்பக் குழுவில்

நித்யா: எல்லோருக்கும் ஒரு கேள்வி. பரீட்சை முடிந்துவிட்டது, கல்லூரி திறக்கும் வரை வீட்டிலேயே எலக்ட்ரானிக் மியூசிக் பண்ணிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இருப்பது அப்பாவின் பழைய விண்டோஸ் லேப்டாப்தான், ஐ3, 8 ஜிபி ரேம். பீட், பேஸ் எல்லாம் சின்தில், அதாவது கம்ப்யூட்டரே ஒலி உண்டாக்கும் வாத்தியத்தில், போட்டு மேலே என் வீணையை வைக்க ஆசை. யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் மிச்சம். எந்த சாஃப்ட்வேர் போடட்டும்?

பாலு பெரியப்பா: ரஹ்மான் எதில் பண்ணுகிறாரோ அதையே போடு.

ராகவ் அண்ணா: அவர் பண்ணுவது லாஜிக் என்ற சாஃப்ட்வேரில். அது ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும் அப்பா. லாஜிக்கைச் செய்த கம்பெனியை 2002இல் ஆப்பிள் வாங்கியது, விண்டோஸ் பதிப்பு அதோடு நின்றது.

சஞ்சய்: எஃப்எல் ஸ்டுடியோ. யோசிக்கவே வேண்டாம்.

ராகவ் அண்ணா: கொஞ்சம் யோசிக்கலாம்.

சஞ்சய்: நித்யா, திறந்ததும் ஒரு வரிசைக்கு 16 கட்டம் இருக்கும். கிக், அதாவது பெரிய டிரம், வரிசையில் 1, 5, 9, 13ஐ அழுத்து. கிளாப் வரிசையில் 5, 13. ஜால்ரா மாதிரிச் சத்தம் வரும் ஹேட்டுக்கு ஒன்று விட்டு ஒன்று. ப்ளே கொடுத்தால் டான்ஸ் பீட் ஓடும். இதைவிடச் சுலபமாக வேறெதிலும் முதல் நாளே சத்தம் வராது.

நித்யா: எனக்கு ஆதி தாளம் மட்டும் போதாது. மிஸ்ர சாபு போட முடியுமா?

சஞ்சய்: கட்டங்களை 14 ஆக்கிக்கொள். தகிட தகதிமி என்று ஏழு அட்சரம், ஓர் அட்சரத்துக்கு இரண்டு கட்டம். தட்டு 1, 7, 11இல் விழும். நான் மிருதங்கம் விட்டுப் பல வருடமாகிவிட்டது, ஆனாலும் இந்தக் கணக்கு மறக்கவில்லை.

அத்தை: மறக்காமலா இருப்பாய், ஃபீஸ் கட்டியது நான்.

ராகவ் அண்ணா: எஃப்எல் நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சஞ்சய் முக்கியமானதைச் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைக்கிற ட்ரையலில் எல்லா வசதியும் இருக்கும், பாட்டை சேவ்கூடச் செய்யலாம், ஆனால் மூடிவிட்டு அடுத்த நாள் அந்த ஃபைலைத் திறக்க முடியாது. பணம் கட்டினால்தான் திறக்கும். அப்புறம் இருப்பதிலேயே விலை குறைந்த ஃப்ரூட்டி எடிஷனை வாங்கினால் அதில் வீணையை ரெக்கார்ட் செய்ய வழி இல்லை, அதற்கு மேலே ப்ரொட்யூசர் எடிஷன் வேண்டும். இவள் கேட்பதே வீணைக்காக.

சஞ்சய்: ஒரு முறை வாங்கினால் அடுத்தடுத்த பதிப்பெல்லாம் ஆயுளுக்கும் இலவசம், அதையும் சொல்லு. ட்ரையலிலிருந்தே டபிள்யூஏவி ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணலாம், அதற்குத் தடை இல்லை. உட்கார்ந்த இடத்தில் ஒரு பீட்டை முடித்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே.

பாலு பெரியப்பா: இதற்கெல்லாம் எதற்குப் பணம்? எங்கள் தெருக்கோடி கம்ப்யூட்டர் கடைப் பையனிடம் சொன்னால் பென் டிரைவில் எல்லாவற்றையும் கிராக் பண்ணித் தருவான்.

ராகவ் அண்ணா: அப்பா, வேண்டவே வேண்டாம். கிராக் போடுகிறவன் முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வான். அணைத்த பிறகு உள்ளே எது வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த லேப்டாப்பில்தான் சித்தப்பா பேங்க் வேலையெல்லாம் பார்க்கிறார்.

அப்பா: கிராக் என்ற பேச்சே வேண்டாம். முறையாக வாங்கினால் எவ்வளவு ஆகும்?

ராகவ் அண்ணா: இப்போதைக்கு ஒன்றும் ஆகாது சித்தப்பா. நான் சொல்வது ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு ஓடும், சேவ் செய்ததைத் திறக்கலாம், ரெக்கார்ட் செய்யலாம், எதையும் பூட்டி வைக்கவில்லை. பிடித்திருந்தால் வீட்டு உபயோகத்துக்கு 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல் வரும். பழைய ஐ3இலும் திணறாது. பாலு பெரியப்பாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஒரு செய்தி: இதை எழுதியவர் ஜஸ்டின் ஃப்ராங்கல், வின்ஆம்ப் என்ற பாட்டு ப்ளேயரைச் செய்தவர்.

பாலு பெரியப்பா: வின்ஆம்பா!! அதில் ஈக்வலைசரை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே ராத்திரி முழுக்கப் பாட்டுக் கேட்ட காலம் உண்டு. அப்படியென்றால் ரீப்பரே போடு, நான் கட்சி மாறிவிட்டேன்.

சஞ்சய்: இது அநியாயம் மாமா.

அப்பா: 60 நாள் கழித்து நின்றுவிடுமா?

ராகவ் அண்ணா: நிற்காது, திறக்கும்போது பணம் கட்டச் சொல்லி ஒரு பெட்டி வந்து சில விநாடி காக்க வைக்கும், அவ்வளவுதான். அதற்காகக் கட்டாமல் ஓட்டிக்கொண்டே இருப்பது முறையில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து உட்கார்ந்தாள் என்றால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

நித்யா: என் ஃப்ரெண்ட் எல்எம்எம்எஸ் என்று ஒன்று சொன்னாள், முழுக்க இலவசமாம். அப்புறம் பேண்ட்லேப்?

ராகவ் அண்ணா: எல்எம்எம்எஸ் பீட் போடப் பழக நல்லது, சஞ்சய் சொன்ன மாதிரி கட்டங்கள் அதிலும் உண்டு. ஆனால் மைக் வைத்து அதற்குள் ரெக்கார்ட் செய்ய முடியாது, வெளியே எடுத்த ஃபைலைத்தான் கொண்டுவந்து போட வேண்டும். பேண்ட்லேப் சிங்கப்பூர்க்காரர்களுடையது, ப்ரவுசரிலேயே ஓடும், போனிலும் ஓடும், இலவசம். ப்ரவுசரில் நெட் போனால் வேலை நின்றுவிடும். ஒரு மாலை விளையாடிப் பார்க்கலாம், அதிலேயே தங்கிவிடாதே.

அத்தை: என் ஐபோனில் ஏதாவது வருமா? சும்மாதான் கேட்டேன்.

சஞ்சய்: அம்மா, கராஜ்பேண்ட் இலவசம். ஆனால் தயவுசெய்து

அத்தை: இறக்கிவிட்டேன்.

ராகவ் அண்ணா: நித்யா, ரீப்பரில் உள்ள குறையையும் கேட்டுக்கொள். வாத்தியம் என்று அதில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது, முதல் தடவை திறந்தால் வெறும் சாம்பல் நிற ஜன்னலைப் பார்த்து அழுகை வரும். வைட்டல் என்ற சின்த்தும் சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்த்தும் இலவசமாகக் கிடைக்கின்றன, இரண்டையும் போட்டுக்கொள். ஐ3க்கு சர்ஜ் இலேசாக இருக்கும், வைட்டல் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆரம்பத்தில் இந்த இரண்டைத் தவிர எதையும் இறக்காதே. இந்த மாதிரி உள்ளே சேர்க்கிற ப்ளகின்களை இலவசமாக ஆயிரம் இறக்கி வைத்துக்கொண்டு ஒரு பாட்டும் முடிக்காத ஆட்களை எனக்கு நிறையத் தெரியும்.

நித்யா: கமகம்? ஸ்வரங்களைக் கட்டமாகப் போடும் பியானோ ரோலில் எல்லா ஸ்வரமும் படிக்கட்டு மாதிரி நேராக நிற்கிறதே, தோடியில் காந்தாரத்தை எப்படி அசைப்பது?

ராகவ் அண்ணா: இதற்காகத்தான் காத்திருந்தேன். ரீப்பரில் நோட்டுகளுக்குக் கீழே ஒரு பட்டை இருக்கும், அதில் பிட்ச் என்பதைத் தேர்ந்தெடுத்து மவுஸால் வளைவு வரையலாம். சின்த்தில் பிட்ச் பெண்ட் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் மேலே 2 செமிடோன், கீழே 2 என்று வைத்திருப்பார்கள் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளிதான் ஒரு செமிடோன்). தோடி காந்தாரத்துக்கு அதுவே சரியாகப் போதும், மேலே மத்யமத்தைத் தொடும், கீழே ரிஷபத்தைத் தொடும். ஸாவிலிருந்து பாவுக்கு நீளமாக ஜாரு இழுக்க வேண்டுமென்றால் 7 செமிடோன் வேண்டும், அதனால் எண்ணை 12 ஆக்கிவிடு. ஒன்றைக் கவனி, பெண்ட் பண்ணினால் அந்த டிராக்கில் ஒலிக்கிற எல்லா நோட்டும் சேர்ந்து வளையும். தம்புரா மாதிரிச் சுருதியைத் தனி டிராக்கில் வை, இல்லாவிட்டால் ஸாவும் காந்தாரத்தோடு சேர்ந்து ஆடும், பாட்டி கேட்டால் எழுந்து போய்விடுவார்.

சஞ்சய்: எஃப்எல்லில் ஸ்லைடு நோட் என்று தனியாகவே உண்டு, வரையக்கூட வேண்டாம்.

ராகவ் அண்ணா: உண்டு, அழகாகவும் இருக்கும். ஆனால் எஃப்எல்லின் சொந்த வாத்தியங்களில்தான் வேலை செய்யும், வைட்டலில் போட்டால் அசையாது.

சஞ்சய்: அது உண்மை.

நித்யா: வீணையை எப்படி எடுப்பது? மைக் வாங்க வேண்டுமா?

ராகவ் அண்ணா: இப்போது வேண்டாம். ஃபேனை நிறுத்து, போனை வீணையின் குடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து ரெக்கார்ட் செய், ஃபைலை ரீப்பருக்குள் இழுத்துப் போடு. வாசிக்கும்போது பீட்டை ஹெட்போனில் கேள், ஸ்பீக்கரில் போட்டால் அதுவும் சேர்ந்து பதிவாகும்.

அப்பா: என் ப்ளூடூத் ஹெட்போனை எடுத்துக்கொள்ளட்டும்.

ராகவ் அண்ணா: அது மட்டும் வேண்டாம் சித்தப்பா. பல ப்ளூடூத் ஹெட்போன்களில் சத்தம் 150, 200 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் காதுக்கு வரும். பாட்டுக் கேட்கும்போது தெரியாது. கீயை அழுத்தி வாசிக்கும்போது விரல் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று போகும், தனக்குத் தாளம் வரவில்லை என்று இவள் நினைத்துக்கொள்வாள். வயர் ஹெட்போன் சாதாரணமானது போதும். நித்யா, ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு பஃபரை, அதாவது சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை, 256இல் வை, தாமதம் 6 மில்லிசெகண்ட் பக்கம் வரும். கடகடவென்று சத்தம் உடைந்தால் 512 ஆக்கு, 12 மில்லிசெகண்ட்தான், சமாளிக்கலாம்.

பாலு பெரியப்பா: பிறந்தநாளுக்கு நான் ஒரு கீபோர்டு வாங்கித் தருகிறேன், பியானோ மாதிரி இருக்குமே அது.

ராகவ் அண்ணா: வாங்கித் தாருங்கள், ஆனால் 25 கட்டை மிடி கீபோர்டு, அதாவது கம்ப்யூட்டரில் உள்ள வாத்தியத்தை வாசிக்க உதவும் கீபோர்டு, போதும். அந்த மாதிரி கீபோர்டுகள் பலவற்றோடு ஏபிள்டன் லைவ் லைட் என்ற இன்னொரு மியூசிக் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் சும்மாவே வரும், பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது வரை லேப்டாப் கீபோர்டிலேயே வாசிக்கலாம், ரீப்பரில் Alt, B இரண்டையும் சேர்த்து அழுத்தினால் திரையில் கட்டைகள் வந்துவிடும்.

நித்யா: சரி, ரீப்பர், வைட்டல், சர்ஜ். இன்றே போடுகிறேன். ஆனால் பீட் மட்டும் சஞ்சய் எஃப்எல்லில் பண்ணித் தரட்டும், அந்தக் கட்டம் விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சஞ்சய்: வெற்றி!

ராகவ் அண்ணா: பாதி வெற்றி.

அத்தை: (ஆடியோ, 0:14)

சஞ்சய்: அம்மா இது என்ன?

அத்தை: தவில் கிடைக்கவில்லை, இருக்கிற டிரம்மில் தட்டினேன். நன்றாக இல்லையா?

அப்பா: நன்றாகத்தான் இருக்கிறது, கடைசியில் கொஞ்சம் ஓடுகிறது.

சஞ்சய்: நித்யா, எந்த வேகம் என்று இப்போதே சொல்லிவிடு. எக்ஸ்போர்ட் பண்ணிய பிறகு நீ ரீப்பரில் வேறு பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்) வைத்தால் இரண்டும் ஒட்டாது.

நித்யா: 90. மிஸ்ர சாபு, 14 கட்டம். கிக் தனி ஃபைல், ஹேட் தனி ஃபைல், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பாதே.