லீக்கேனரி வாய் திறக்கவில்லை என்றால் லீக் இல்லை என்றா அர்த்தம்?

கரிச்சான்:
ஆண்ட்ராய்டு ஆப்பில் மெமரி லீக்கை, அதாவது வேலை முடிந்தும் நினைவகத்தை விட்டு நீங்காத ஆப்ஜெக்ட்டுகளை, கண்டுபிடிக்கும் கருவி லீக்கேனரி. "லீக்கேனரி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் என் ஆப்பில் மெமரி லீக் இல்லை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆப் திரையில் இருக்கும்வரை, விடுபடாத ஆப்ஜெக்ட் 5 சேர்ந்தால்தான் அது தானாக ஹீப் டம்ப் (ஆப்பின் நினைவகத்தின் நகல்) எடுக்கும். ஒரு ஆக்டிவிட்டியை (ஆப்பின் ஒரு திரையை) ஒரே ஒரு முறை மூடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

வெள்ளாறு:
எழுதியது நான்தான். அந்த 5 என்பது விநாடி. ஆக்டிவிட்டி அழிந்ததும் 5 விநாடி காத்திருக்கும். நானும் காத்திருந்தேன்.

கரிச்சான்:
விநாடியும் 5, எண்ணிக்கையும் 5. இரண்டும் வேறு வேறு! 5 விநாடி கழிந்து, கார்பேஜ் கலெக்டர் (தேவையற்ற ஆப்ஜெக்ட்டுகளை நீக்குவது) ஓடிய பிறகும் வீக் ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்ட் நீங்கினால் காலியாகிவிடும் சுட்டி) காலியாகவில்லை என்றால் ஒரு ஆப்ஜெக்ட் கணக்கில் சேரும். அப்படி 5 சேர வேண்டும். ஹோம் பட்டனை அழுத்தி ஆப்பைப் பின்னால் தள்ளுங்கள், அப்போது 1 இருந்தாலே போதும்.

தும்பி:
5 சேரும் முன்பே எத்தனை தங்கியிருக்கிறது என்று ஒரு நோட்டிஃபிகேஷன் வருமே? அதைத் தொட்டால் உடனே டம்ப் எடுக்கும். ஆண்ட்ராய்டு 13-இல் அனுமதி தராமல் விட்டிருந்தால் அதுவும் கண்ணில் படாது. அப்புறம், டிபக்கர் (பிழை தேடும் கருவி) இணைந்திருந்தாலும் டம்ப் எடுக்காது.

வெள்ளாறு:
டிபக்கர் இல்லாமல்தான் ஓட்டினேன். 2015-இல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்து இதைப் பயன்படுத்துகிறேன். அப்போது அப்ளிகேஷன் கிளாஸில் நாமே இன்ஸ்டால் வரி எழுத வேண்டும். இப்போது கிரேடில் பில்ட் கோப்பில் ஒரு வரி சேர்த்தவர்கள் எல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

கரிச்சான்:
அனுபவத்தைக் கேட்கவில்லை. ஹோம் பட்டனை அழுத்தினீர்களா, இல்லையா?

வெள்ளாறு:
போன மாதம் சிங்கிள்டன் (ஆப் ஓடும்வரை ஒன்றே ஒன்றாக இருக்கும் ஆப்ஜெக்ட்) பற்றிய பேச்சிலும் இதே தொனியில்தான் என்னை மடக்கினீர்கள். நான் மறக்கவில்லை.

கரிச்சான்:
அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்: ஆக்டிவிட்டியின் கான்டெக்ஸ்ட்டை, அதாவது ஆக்டிவிட்டியையே சுட்டும் ரெஃபரன்ஸை, சிங்கிள்டனில் வைத்தால் அந்த ஆக்டிவிட்டி நினைவகத்தை விட்டுப் போகவே போகாது. உங்கள் ஆப்பில் லீக் அங்கேதான் இருக்கும். திரையைச் சுழற்றிச் சுழற்றி, ஆக்டிவிட்டியை 5 முறை அழித்துப் பாருங்கள்.

தும்பி:
சிங்கிள்டன் கதை இங்கே எதற்கு? அவருடைய லீக் டிரேஸை (ஆப்ஜெக்ட்டை எது பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் தடத்தை) பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்?

கரிச்சான்:
டிரேஸ் வர வேண்டுமானால் டம்ப் எடுக்க வேண்டும். டம்ப் தானாக எடுக்க 5 சேர வேண்டும். எத்தனை தடவை சொல்வது?

வெள்ளாறு:
5 விநாடி.