அண்ணனுக்கு கார்-டி செல் சிகிச்சை சொல்றாங்க, நான் செல் கொடுக்கணுமா?

நெல்லைத்தம்பி:
அண்ணனுக்கு 44 வயசு, பி செல் லிம்போமா (பி செல்ங்கிற வெள்ளை அணுவுல வர்ற புற்றுநோய்). ஆறு சைக்கிள் கீமோ முடிஞ்சு எட்டே மாசத்துல கழுத்துல மறுபடியும் கட்டி. அடுத்த கீமோவும் எடுபடலை. மும்பை போய் கார்-டி பாருங்கன்னுட்டார் டாக்டர். எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி நான் செல் கொடுக்கத் தயாரா இருக்கேன், ஆனா உங்க ரத்தம் வேண்டாங்கிறாங்க. போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

வசந்தி:
தம்பி, என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் பண்ணினோம். நோயை எதிர்க்கிற டி செல்ங்கிற வெள்ளை அணுவை அவரோட சொந்த ரத்தத்துலேருந்துதான் மெஷின்ல பிரிச்சு எடுத்தாங்க. லேப்ல, நோய் பரப்ப முடியாதபடி பண்ணின வைரஸ் வழியா அதுக்குள்ள ஒரு ஜீனை ஏத்துவாங்க. அப்புறம் சிடி19ங்கிற அடையாளம் எந்த செல் மேல இருந்தாலும் அந்த டி செல் விடாது, அழிச்சிடும். நல்ல பி செல்லுக்கும் அதே அடையாளம்தான், அதுவும் காலி. இவருக்கு இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) ஏத்தினது அதனாலதான்.

செல் ஏத்தினது ஒரு சின்னப் பை, அரை மணி நேரம்கூட ஆகலை. இதுக்கா இவ்வளவு காசுன்னு இருந்துச்சு. மூணாம் நாள் காய்ச்சல் 103, பிரஷர் இறங்கிடுச்சு. எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறிப் பொங்குறதை அடக்குற டோசிலிசுமாப் மருந்து போட்டாங்க. தினமும் காலையில நர்ஸ் ஒரு நோட்டை நீட்டி ஒரு வரி எழுதச் சொல்வாங்க, 100லேருந்து பத்துப் பத்தா கீழே எண்ணச் சொல்வாங்க. மூளையைத் தொட்டிருக்கான்னு பார்க்கத்தான். ஆறாம் நாள் "இன்று காபி குடித்தேன்" கோணிக்கிட்டு, கடைசி எழுத்து பேப்பரை விட்டே வெளியே போயிடுச்சு. உடனே ஸ்டீராய்டு. ரெண்டு நாள்ல கையெழுத்து நேராச்சு. நோட்டு பீரோவுல இருக்கு.

லேப்_மணி:
ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கின நெக்ஸ்கார்19ங்கிற நம்ம ஊர் கார்-டிக்கு 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சது. அமெரிக்காவுல 2017ல வந்த முதல் கார்-டி 4,75,000 டாலர்; இங்கே ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. அதுவும் லட்சக்கணக்குதான், ஐசியூ செலவு தனியா வருமான்னு முதல்லயே கேட்டுக்கங்க. சோதனைகள்ல 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிஞ்சிருக்கு, ஆனா எல்லாருக்கும் நிலைக்கலை. இன்னொண்ணு: செல் எடுக்குறதுக்கு முன்னாடி பெண்டாமஸ்டின்ங்கிற கீமோ மருந்து கொடுக்கப் போறாங்கன்னா டாக்டர்கிட்ட பேசிடுங்க. அது டி செல்லை நாசம் பண்ணிடும்.

நெல்லைத்தம்பி:
நன்றி அக்கா, நன்றி மணி. பெண்டாமஸ்டின் பத்தி நாளைக்கே கேட்கிறேன். அண்ணன் கையெழுத்து இப்பவே கோழி கிறுக்கின மாதிரிதான் இருக்கும், என்ன செய்ய?

வசந்தி:
செல் ஏத்துறதுக்கு முன்னாடியே ஒரு வரி எழுதி வாங்கிடுவாங்க தம்பி. அந்தக் கிறுக்கலோடதான் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.