ஜாமீன் தொகை நீதியா, நுழைவுக் கட்டணமா?

கதிரொளி: விசாரணைக் கைதியாகச் சில மாதம் உள்ளே இருந்தவன் நான். யார் எப்போது வெளியே போவார் என்பது அங்கே குற்றத்தின் கனத்தைப் பொறுத்ததல்ல, பணம் புரட்ட வீட்டில் ஆள் இருப்பதைப் பொறுத்தது. என்னோடு இருந்த ஒருவர் மீது சிறு திருட்டு வழக்கு. செய்யவே இல்லை என்பார். வழக்கை நடத்தினால் இன்னும் பல மாதம் சிறை. ஒப்புக்கொண்டால் இருந்த நாட்களைக் கழித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஒப்புக்கொண்டார். இப்போது வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் அவர் குற்றவாளி.

நேர்கோடு: வருத்தமான விஷயம்தான். ஆனால் ஜாமீன் தொகை தண்டனை இல்லையே? வாய்தாவுக்கு வருவார் என்பதற்கான பிணை அது. அதையும் எடுத்துவிட்டால் அவர் தலைமறைவாக, பொருளைப் பறிகொடுத்தவர்தான் நீதிமன்றத்துக்கு நடையாய் நடப்பார். வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசே வைத்துத் தருகிறது. அமெரிக்காவில் 1963லேயே கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது.

கதிரொளி: வக்கீல் கிடைப்பார், சரி. அவர் கையில் எத்தனை வழக்குகள்? வெளியே இருப்பவர் தானே போய்ச் சாட்சியைத் தேடலாம், வக்கீலோடு உட்கார்ந்து பேசலாம். உள்ளே இருப்பவருக்கு நேர்காணலில் கிடைக்கும் சில நிமிடங்கள்தான். 1978இல் இந்தியாவில் நடந்த மோதிராம் வழக்கைப் பாருங்கள். கொத்தனார் ஒருவரை விடுவிக்க உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும், மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் தலையிட்டு, வேறு ஆள் பிணை இல்லாமல் அவரே எழுதித் தரும் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார்.

தேன்மலர்: அபராதத்திலும் இதே கதைதான். ஒரே தொகை ஒருவருக்குச் சில்லறை, இன்னொருவருக்கு மாதக் கூலி. கட்ட முடியாதவர் சிறைக்குப் போகிறார். பின்லாந்தில் 1921 முதல், குற்றத்துக்கு இத்தனை நாள், நாளுக்கு வருமானத்தைப் பொறுத்து இவ்வளவு என்று நாள் கணக்கில் அபராதம் போடுகிறார்கள்.

நேர்கோடு: அபராதத்தில் அது நியாயம், ஏற்கிறேன். ஜாமீனில் ஏற்க மாட்டேன். பணம் வேண்டாம் என்றால் எல்லாம் நீதிபதியின் மதிப்பீட்டுக்குப் போய்விடும். அதில் மட்டும் பாரபட்சம் வராதா?

கதிரொளி: வரலாம். ஆனால் நீதிபதி காரணம் எழுத வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் ரொக்க ஜாமீனை அடியோடு நீக்கிவிட்டு, ஓடிவிடுவாரா, ஆபத்தானவரா என்று மட்டும் விசாரிக்கிறது. நீங்கள் பயப்படும் ஆபத்தான ஆளிடம் பணம் இருந்தால், உங்கள் முறையில் அவர் அன்றைக்கே வெளியே வந்துவிடுவாரே, அதற்கு என்ன பதில்?