பழைய அரண்மனையை அருங்காட்சியகமாக மாற்றும்போது எதிலிருந்து தொடங்குவது?

தாழ்வாரம்:
எல்லோருக்கும் வணக்கம். பழைய அரண்மனை ஒன்றைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கும் குழுவில் இளநிலைக் கட்டடக்கலைஞராகச் சேர்ந்திருக்கிறேன். செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மர உத்திரங்கள், மேல்மாடியில் சுதை வேலைப்பாடு நிறைந்த தர்பார் மண்டபம். வடக்குப் பகுதி எப்போதோ இடிந்துவிட்டது, அடித்தளம் மட்டும் தெரிகிறது. கூட்டங்களில் பேச்செல்லாம் தொடுதிரை, கட்டடம் முழுக்க மைய ஏசி, விளக்கு அலங்காரம், இடிந்த பகுதியைப் பழையபடியே எழுப்புவது என்றுதான் போகிறது. கீழ்ச்சுவர்களில் உப்புப் பூத்திருக்கிறது, முன்பு யாரோ இடுப்பளவு உயரத்துக்கு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதை முதலில் செய்வது, ஏசி உண்மையிலேயே வேண்டுமா, இடிந்ததைத் திரும்பக் கட்டலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காரைப்பூச்சு:
முதலில் தண்ணீர். கூரை எங்கே ஒழுகுகிறது, மழைநீர் எந்தக் குழாய் வழியாக இறங்கி எங்கே தேங்குகிறது, சுவர் ஓரத்தில் மண் ஏறி ஏறி வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா, இதையெல்லாம் ஒரு மழைக்காலம் முழுக்க நேரில் பார்த்துக் குறித்துவைக்காமல் உள் அலங்காரத்துக்கு ஒரு கோடுகூடப் போடாதீர்கள். கூரையும் வடிகாலும் சரியாகாத கட்டடத்தில் செலவழிக்கும் காசெல்லாம் வீண்.

உப்புக்கு வருகிறேன். சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்தாலும் தன் பரப்பு முழுவதும் அதை ஆவியாக விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற இடமில்லாமல், பூச்சு முடிகிற உயரத்தைத் தாண்டி மேலே ஏறுகிறது. அங்கே காயும்போது ஈரத்தில் கரைந்திருந்த உப்பு செங்கல்லின் நுண்துளைகளுக்குள் படிகமாகி, பரப்பைப் பொடியாக உதிர்க்கிறது. போதாததற்கு சிமெண்டும் தன் பங்குக்கு உப்பைச் சுவருக்குள் விடுகிறது. ஆகவே சிமெண்டை எடுக்க வேண்டும், ஆனால் மின்சார உடைப்பான் வேண்டாம், உளியும் சுத்தியலும் வைத்துப் பொறுமையாக எடுக்கும் ஆள் வேண்டும். எடுத்தபிறகு சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், தடிமனான சுவர் என்றால் வருடக்கணக்கில்கூட ஆகும். அதற்குள் திறப்பு விழா தேதி வைத்துவிட்டார்கள் என்றால் ஈரச் சுவர்மேலேயே சாயம் அடிப்பார்கள், அடுத்த ஆண்டே அது உரியும். காய்ந்த பிறகும் உள்ளே உப்பு மிச்சம் இருக்கும், அதனால் முதலில் பூசும் காரையைத் தியாகப் பூச்சு என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அது உப்பை இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும், சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும்.

அப்புறம் உத்திரங்கள். நடுவில் பார்த்தால் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகள்தான் ஈரத்தில் உளுத்துப்போகும், கரையானும் அங்கேதான் நுழையும். ஒவ்வொரு முனையையும் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டுத் தளத்துக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று கணக்கிடுவோம், மக்கள் கூடும் அரங்கம் என்றால் அது 400, 500 கிலோவுக்குப் போய்விடும். மேல்மாடி தாங்காது என்று தெரிந்தால் உடனே இரும்புத் தூண் செருகலாம் என்பார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் மேலே போகலாம் என்று வரம்பு வைத்தாலே சில இடங்களில் போதும், அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரப்பதமானி:
நான் அருங்காட்சியகப் பொருள் பாதுகாப்பில் வேலை செய்கிறேன், ஏசி பற்றி மட்டும் சொல்கிறேன். மரம், தந்தம், ஓவியப் பலகை போன்றவற்றை வெடிக்க வைப்பது பெரும்பாலும் ஈரப்பதத்தின் திடீர் ஏற்ற இறக்கம். பகலில் ஏசி, இரவில் மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்தம் என்று ஓட்டினால் ஏசியே இல்லாத அறையைவிட மோசமான நிலைமை வரும். புழுக்கமான காலத்தில் குளிரூட்டிய சுவரில் வெளிக்காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும், பூஞ்சை பிடிக்கும்.

முன்பு 50 சதவீத ஈரப்பதம், ஏறினாலும் இறங்கினாலும் 5க்குள் என்று கறாராக இருந்தார்கள். இப்போது பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் ஏற்றுக்கொண்ட பைசோ பசுமை நெறிமுறைப்படி பெரும்பாலான பொருட்களுக்கு 40 முதல் 60 சதவீதம், 16 முதல் 25 டிகிரி, 24 மணி நேரத்தில் ஈரப்பத மாற்றம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். தடித்த சுவர் உள்ள அரண்மனையின் சில அறைகள் எந்த இயந்திரமும் இல்லாமலே இதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடும். அறைக்கு ஒரு டேட்டா லாகர் (வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதிவுசெய்துகொண்டே இருக்கும் சிறு கருவி) வைத்து ஓராண்டு அளந்து பாருங்கள். அப்புறம் எந்தப் பொருளை எந்த அறையில் வைப்பது என்று முடிவெடுங்கள். ரொம்ப நுட்பமானவற்றுக்குக் காற்றுப் புகாத கண்ணாடிப் பேழையும் அதற்குள் ஈரத்தைச் சீராக வைக்கும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஒரு பேழைக்குள் இருக்கும் காற்றைக் கட்டுப்படுத்துவது ஒரு மண்டபத்தைக் கட்டுப்படுத்துவதைவிட எவ்வளவோ எளிது. விளக்கு விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள், துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) வழக்கமான வரம்பு. அரண்மனை ஜன்னல் வழியாக வரும் வெயில் அதைப்போல் பல நூறு மடங்கு.

மின்வழி:
ஏசி என்றதும் ரியோ டி ஜெனிரோ நினைவுக்கு வராமல் இருக்காது. பிரேசில் தேசிய அருங்காட்சியகமும் பழைய அரச குடும்பத்தின் அரண்மனைதான். 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்தது, சுமார் 2 கோடி பொருட்களில் மிகப் பெரும்பகுதி போயிற்று. தரைத்தளக் கலையரங்கின் ஏசியில் தீ தொடங்கியதாகத்தான் விசாரணை சொன்னது. பக்கத்துத் தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. 1992இல் இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டை எரிந்தது திரைச்சீலையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு விளக்கால், கூரையின் உள்வெற்றிடங்கள் வழியாகத் தீ ஓடிவிட்டது.

உங்கள் தர்பார் மண்டபத்துக்கு மேலேயும் அப்படி ஒரு வெற்றிடம் இருக்கும். அதைத் தடுப்புகள் போட்டுப் பிரிக்க வேண்டும். பழைய மின்கம்பிகள் முழுவதையும் கழற்ற வேண்டும். தண்ணீர் தெளிப்பான் வைத்தால் எல்லாம் நனைந்துவிடும் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் விடாதீர்கள். வழக்கமான அமைப்பில் சூடு பட்ட முனை மட்டும்தான் திறக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுவதில்லை. தீயணைப்பு வண்டியின் குழாய் கொட்டும் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு.

கல்தச்சன்:
இடிந்த பகுதியைத் திரும்பக் கட்டாதீர்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனத்தின் 9ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது, ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். அடித்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேலே எழுப்புவது எல்லாமே ஊகம். இத்தாலியில் வெரோனாவின் காஸ்டல்வெக்கியோ கோட்டையை அருங்காட்சியகமாக்கிய கட்டடக்கலைஞர் கார்லோ ஸ்கார்பா புதிய தரையைப் பழைய சுவரைத் தொடவிடாமல் ஒரு இடைவெளி விட்டு நிறுத்தினார். எது பழசு, எது புதுசு என்று பார்ப்பவர் கண்ணுக்கே தெரியும்.

மாடிப்படி:
கல்தச்சன் சொல்வதை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. போலந்தின் தலைநகர் வார்சாவின் அரச கோட்டையை 1944இல் ஜெர்மானியப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1971க்கும் 1984க்கும் இடையில் போலந்துக்காரர்கள் மறுபடி கட்டினார்கள், இன்று அது அருங்காட்சியகம். அழிவுக்கு முன்பே காப்பாற்றி வைத்த சிற்பத் துண்டுகளும் ஆவணங்களும் அவர்களிடம் இருந்தன, அந்த நகரத்து மக்களுக்கு அது வேண்டியும் இருந்தது. விண்ட்சரில் அறைக்கு ஏற்றபடி செய்தார்கள். சேதம் குறைந்த அறைகள் பழையபடி, முழுக்க எரிந்த தேவாலயம் இருந்த இடத்தில் புதிய வடிவமைப்பில் ஒரு கூடம். தாழ்வாரம், உங்களிடம் அந்தப் பகுதியின் அளவு வரைபடமோ புகைப்படமோ இருக்கிறதா?

தாழ்வாரம்:
நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. வடக்குப் பகுதிக்கு ஒரே ஒரு பழைய புகைப்படம்தான், அதுவும் தூரத்திலிருந்து எடுத்தது. இன்னொன்று கேட்கிறேன், லிஃப்ட் எங்கே வைப்பது? சில உறுப்பினர்கள் மையப் படிக்கட்டை ஒட்டி உடைக்கலாம் என்கிறார்கள், வேறு சிலர் மேல்மாடிக்குப் பதில் கீழே ஒரு வீடியோ காட்டினால் போதும் என்கிறார்கள்.

சக்கரம்:
சக்கர நாற்காலியில் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், வீடியோ போதாது. தர்பார் மண்டபத்தின் உயரத்தை அதற்குள் இருந்துதான் உணர முடியும், உங்கள் அரண்மனையின் சிறந்த அறை அதுதானே. பின்பக்கச் சரக்குக் கதவு வழியாக வரச் சொல்வதும் வேண்டாம், எல்லோரும் நுழையும் வாசலில் நானும் நுழைய வேண்டும். வரைபடம் முடிந்த பிறகு சரிவுப்பாதையைச் செருகினால் அது எப்போதும் தப்பான இடத்தில்தான் வந்து நிற்கும், இப்போதே கேளுங்கள்.

மாடிப்படி:
ஒரு தூரத்துப் புகைப்படம் போதாது, ஆகவே இந்தக் கட்டடத்தில் கல்தச்சன் பக்கம் வந்துவிடுகிறேன். அப்படியானால் லிஃப்டுக்கு இடம் கிடைத்துவிட்டதே? வடக்குப் பக்கம் பார்த்தாலே புதிது என்று தெரியும் ஒரு கட்டடம் எழுப்பி, நுழைவாசல், லிஃப்ட், கழிப்பறை, டிக்கெட், இயந்திர அறை எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்விடுங்கள். பாரிஸில் பழைய அரண்மனையான லூவ்ர் அருங்காட்சியகத்தில் 1989இல் கட்டடக்கலைஞர் ஐ. எம். பெய் கட்டிய கண்ணாடிப் பிரமிடின் கீழே நுழைவுக்கூடத்தை அமைத்ததும் ஏறக்குறைய இதே காரணத்துக்குத்தான், கூட்டத்துக்கான வசதிகளை முற்றத்துக்கு அடியில் வைத்துவிட்டார்கள். மையப் படிக்கட்டை யாரும் தொட வேண்டாம்.

காரைப்பூச்சு:
நல்ல யோசனை, ஆனால் அந்த அடித்தளமும் அரண்மனைதான். லிஃப்ட் குழி தோண்டும் முன் தொல்லியலாளரைக் கூப்பிட்டுச் சோதனைக் குழி போடச் சொல்லுங்கள், கிடைப்பதைப் பொறுத்துப் புதிய தூண்களின் இடத்தை நகர்த்துங்கள். பழைய வடிகால்கள் அந்தப் பக்கமாக ஓடவும் வாய்ப்பு உண்டு. அவற்றை அடைத்துவிட்டால் உங்கள் சுவர் ஈரம் இரட்டிப்பாகும்.